துரை கொடுத்த லில்லி

கல்யாண மண்டப வாசலில் வெள்ளை லில்லிப் பூக்களைக் கட்டுக்கட்டாக வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. அழகான பூதான். எங்கள் வெள்ளச்சியைக் கொன்றதும் அதுதான்.

அப்பா மலையடிவாரத்து ரப்பர் எஸ்டேட்டில் கணக்கராக இருந்தார். சுதந்திரம் வந்த மறு வருஷம் துரை தன் நாட்டுக்குக் கிளம்பும்போது, பங்களாவில் இருந்த லில்லித் தொட்டி ஒன்றை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அதை முன்னறையில், வருகிறவர் கண்ணில் முதலில் படும்படி ஸ்டூல் போட்டு வைத்தார். நான் என்ன வகுப்பு படிக்கிறேன் என்பதே மறந்துபோகிற மனிதர், அதன் இலைகளை மட்டும் தினமும் ஈரத்துணியால் துடைப்பார்.

வெள்ளச்சி அம்மாவின் பூனை. நெல் பத்தாயத்தை எலியிடமிருந்து காத்துவந்தது. அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. குழித்துறையில் அம்மாவின் பிறந்த வீட்டுக்குப் பக்கத்தில், போதகர் வீட்டுப் பூனை இதே செடியைக் கடித்துச் செத்ததை அம்மா கண்ணால் பார்த்திருக்கிறாள். செடியைப் பூனை ஏறாத இடத்தில் வையுங்கள் என்று வந்த அன்றே சொன்னாள்.

"ஒரு பூனைக்காக துரை தந்த செடிய ஒளிச்சு வைக்கணுமாட்டி?" என்று அப்பா சிரித்தார்.

அம்மா தொட்டியைத் தூக்கி அறைக்குள் வைத்துப் பூட்டினாள். அப்பா திறந்து எடுத்துவந்தார். நான் முன்னறைக் கதவைச் சாத்திச் சாத்தி வைத்தேன். காற்று வரவில்லை என்று அவர் திறந்து போட்டார்.

செடி பூத்தது. பூவின் மஞ்சள் பொடி வெள்ளச்சியின் முதுகில் உதிர்ந்திருந்தது. அம்மா பார்த்துத் துடைப்பதற்குள் அது நக்கிவிட்டது. சாயங்காலமே வாயில் நுரை, வாந்தி. பிறகு விறகு மூலையில் சுருண்டு கிடந்து செத்தது. குட்டிகள் அந்த உடம்பிலும் முட்டி முட்டிப் பால் தேடின. பூனைக்கா பஞ்சம், வேறொன்று வரும் என்றார் அப்பா. அவர் கையைக் கடித்துவிடலாமா என்றிருந்தது எனக்கு.

அம்மா வெள்ளச்சியைப் புதைத்தாள். குட்டிகளை ஓலைப்பெட்டியில் வைத்து, என்னையும் இழுத்துக்கொண்டு குழித்துறை பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

பூனைக்காகப் புருஷனை விட்டு வந்தவள் என்று ஊரே சிரித்தது. மாமாவுக்குத் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. அம்மா பஞ்சுத் திரியைப் பாலில் நனைத்துக் குட்டிகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பா வாழைக்குலையோடு வந்தார். செடி எங்கே என்று மட்டும் கேட்டாள். வீட்டில்தான் என்றார். அம்மா உள்ளே போய்விட்டாள். அடுத்த பஸ்ஸில் அவர் திரும்பினார்.

மறுபடி வந்தபோது, செடியைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

"பூனை இல்லாத வீடான்னு கேட்டியளா?"

"கேட்டுத்தான் குடுத்தேன்."

"நான் சொன்னா மட்டும் உங்க காதுல விழாது. அன்னைக்கும் விழல்ல, இப்பவும் விழல்ல."

அப்பா குனிந்து ஓலைப்பெட்டியைக் கையில் எடுத்தார். அவர் கண் கலங்கியது எனக்குப் பிடிக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் குட்டிகளின் பெட்டியை அப்பாதான் மடியில் வைத்துக்கொண்டார். இவ்வளவு லேசாக விட்டுவிட்டாளே என்று எனக்கு அம்மாவின் மேலும் ஆத்திரம். 'அன்னைக்கு' என்று அவள் சொன்னது செடி வந்த நாளை என்றே நினைத்தேன். காய்ச்சலில் கிடந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்று அவள் அழுததும், நாளைக்குப் பார்க்கலாம் என்று அப்பா சொன்னதும் அப்போது எனக்குத் தெரியாது. எனக்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு அண்ணன் பிறந்து இறந்திருந்தான் என்பதே தெரியாது.