பன்னிரண்டாவது ஏணி

செவ்வாய்க்கிழமை காலை. பாடியில் எங்கள் தொழிற்சாலை வாசலில் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தேன். ஏகாம்பரத்தின் மைத்துனர் வேப்பம்பட்டிலிருந்து முதல் ரயிலில் வந்து எனக்காகக் காத்திருந்தார். "மாமா பூட்டாரு சார். மாருல வலின்னாரு, வண்டி புடிக்கறதுக்குள்ள..." என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சைக்கிளைப் பூட்டினேன், திறந்தேன், மறுபடியும் பூட்டினேன்.

ஏகாம்பரத்தை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அறுபதுகளில் எங்கள் மரத் தொழிற்சாலையில் சூட்டறை ஒன்று இருந்தது. மருது, வேங்கைப் பலகைகளை அதில் அடுக்கிக் கதவை மூடி, தீப்பிடிக்காமல் நீராவி விட்டு, நாள் கணக்கில் சூடேற்றுவோம். சூட்டைப் பார்த்துக் குறிப்பது என் வேலை, வால்வைத் திருப்புவது ஏகாம்பரத்தின் வேலை. அடுக்கு வெளியே வந்ததும் அதோடு சூடேறிய ஒரு குச்சியை எடுத்து முட்டியில் வைத்து ஒடிப்பார். நார் நாராகக் கிழிந்தால் தலையாட்டுவார். முறுக்கு மாதிரி உடைந்தால் அன்று முழுக்க யாரும் அவரிடம் பேச முடியாது.

"சூடு குட்த்தா மரம் மழைக்கு ஊதாது, கரையான் கிட்ட வராது, நல்லா நெறம் ஏறும். ஆனா வளையற கொணம் பூடும் அண்ணாத்தே. எத்த வாங்கிக்கினு எத்த வுடறோம்னு பாத்துக்கணும்" என்பார். நான் படித்தவனாம், அதனால் சிரித்துக்கொள்வேன்.

தங்கையின் கல்யாணத்துக்கு அவர் மூன்று நாள் விடுப்பு எடுத்தபோது வால்வு என் கைக்கு வந்தது. உள்ளே இருந்தது ஏணிக்கான மருது. நிறம் இன்னும் கறுத்தால் நன்றாக விலைபோகும் என்றார் முதலாளி. நானும் சூட்டை ஏற்றினேன், கூடுதலாக ஒரு நாள் விட்டேன். ஈட்டி மரம்போல மின்னிய அந்தப் பலகைகளைப் பார்த்துப் பூரித்தும் போனேன். பன்னிரண்டு ஏணிகள் செய்து லாரியில் ஏற்றி அனுப்பியாயிற்று.

திரும்பி வந்த ஏகாம்பரம் மிச்சக் குச்சி ஒன்றை ஒடித்தார். பட்டென்று இரண்டாகப் போனது. "லோடு எங்க?" என்றார். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். ஒரு திட்டு திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

விற்றது விற்றதுதான் என்று முதலாளி கையை விரித்துவிட்டார். அதன்பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் ஏணி தேடுவதிலேயே போயின. அம்பத்தூர், ஆவடி, திருவேற்காடு என்று கடை கடையாக அலைந்தோம். பூந்தமல்லி அரிசி மண்டிக்காரர் எங்களை அடிக்காத குறை. "கரையான் தொடல, மழையில ஊதல. இத்தவிட நல்ல ஏணி இன்னாய்யா வோணும்?" என்றார். ஏகாம்பரம் கைகட்டி நின்றார். "நீங்க சொல்றது அல்லாம் நெஜந்தாங்க. பாரந்தான் தாங்காது" என்று சொல்லி, ஏணியை இரண்டு மூட்டைகளின் மேல் படுக்க வைத்து நடுவில் ஏறி நின்றார். அது முறிந்த சத்தத்தில் மண்டியே அடங்கிப்போனது. மறுவாரமே நல்ல ஏணி ஒன்றைத் தம் கையால் செய்து கொண்டுபோய்க் கொடுத்தார்.

இப்படிப் பதினொன்று கிடைத்தன. பன்னிரண்டாவது கிடைக்கவே இல்லை. வெள்ளையடிக்கிறவர் யாராவது ஏணியில் நின்றால் போதும், ஏகாம்பரம் ஓடும் பேருந்திலிருந்து குதித்துவிடுவார். "உட்டுடுங்க, எங்கியாவது ஒடிஞ்சி அடுப்புக்குப் போயிருக்கும்" என்று ஒருமுறை சலித்துக்கொண்டேன். "ஒடியறப்போ மேல யார் இருந்தாங்கன்னு தெர்ல பாரு அண்ணாத்தே" என்றார். செய்தவன் நான். பத்து வருஷம் தூக்கத்தை இழந்தவர் அவர்.

மைத்துனரோடு வேப்பம்பட்டு போனபோது வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏகாம்பரம் பெஞ்சில் கிடத்தப்பட்டிருந்தார். அவருக்குச் செய்ய என்னிடம் எதுவும் இல்லை. அழுகைகூடச் சரியாக வரவில்லை. பந்தல்காரர் ஏணியில் ஏறியதும் என் கால்கள் தாமாக அங்கே போய்விட்டன. இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா சார், மூங்கிலு இது. ஒண்ணும் ஆவாது, வுடு" என்றார் மேலேயிருந்து.

எனக்கும் தெரியும், மூங்கில்தான். ஆனாலும் என்னால் விட முடியவில்லை.

போய் வாருங்கள் ஏகாம்பரம். அந்தப் பன்னிரண்டாவது இன்னும் கிடைக்கவில்லை. பந்தல்காரர் இறங்குகிற வரைக்கும் இதை நான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.