லைனிங்கில் போன சரணம்

அப்பாவின் சட்டையில் தோல் வாடையும் அம்மாவின் விரல்களில் "சொல்யூஷன்" பசையின் நெடியுமாகத்தான் எங்கள் வீட்டில் சாயங்காலம் வரும். இருவருக்கும் ஆம்பூர்ப் பக்கம் ஒரே ஷூ கம்பெனியில் வேலை. அப்பா தோல் வெட்டும் "கட்டிங்"கில், அம்மா அதைத் தைக்கும் "ஸ்டிச்சிங்"கில். மாதனூரில் ஒரே கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறவர்கள், எனக்குப் பத்து வயதான அந்த ஆடி மாதத்திலிருந்து ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து போனார்கள்.

காரணம் ஒரு கேலி. கூழ் ஊற்றிய அன்று சித்தி வீட்டில் அம்மா பாடினாள். முடித்ததும் அப்பா எல்லோர் முன்னாலும், "நம்ம கம்பெனி சைரன் ரிப்பேர் ஆனா இவள நிக்க வெச்சிடலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் அவரோடு பேச்சை நிறுத்தினாள், பாட்டையும் நிறுத்தினாள். அப்புறம் எல்லாம் என் வழியாகத்தான். இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு "உங்கப்பாவ சாப்ட சொல்லு" என்பாள் அவள், "அப்பறம் சாப்டுறேன்னு சொல்லு" என்பார் அவர். விளையாடக்கூடப் போக முடியாமல் நான் பேஜாராகிப் போனேன். நான் நடுவில் இல்லாமல் அவர்கள் நேராக ஒரு வார்த்தை பேசிக்கொள்ள வேண்டும், வேறெதுவும் அந்த வருஷம் நான் சாமியிடம் கேட்கவில்லை.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் மெஷின்களுக்குப் பொட்டு வைத்து, குடும்பங்களையும் கூப்பிட்டு, மேடை போட்டு விழா நடத்துவார்கள். விஷயம் தெரியாத மேனேஜர், புருஷன் பெண்டாட்டி இருவரும் பாடுகிறவர்களாயிற்றே என்று, சொந்தமாக ஒரு காதல் "டூயட்" கட்டிப் பாடச் சொல்லிவிட்டார். மாட்டேன் என்றால் சண்டை ஊருக்குத் தெரிந்துவிடும். இருவரும் தலையாட்டிவிட்டு வந்தார்கள்.

பேசாமலே பாட்டுக் கட்டியவர்கள் உலகத்தில் இவர்கள் இருவர் மட்டுமாகத்தான் இருக்கும். வெட்டிய தோல் துண்டுகளைக் கட்டித் தைக்க அனுப்பும்போது, சைஸ் எழுதிய அட்டை ஒன்றும் கூடவே போகும். அதன் முதுகில் அப்பா வரிகளை எழுதுவார். அம்மா பதில் எழுதி அவர் டிபன் பையில் செருகிவிடுவாள். மெட்டை அவர் குளிக்கும்போது முனகுவார். அவள் அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் வெங்காயம் நறுக்குவாள். ஒத்திகையில் அப்பாவின் குரல் நான்தான்.

"எடது காலு நானு, வலது காலு நீயி,
ஒரே பொட்டியில கெடக்கறோம், ஒரு பேச்சு இல்லியே."

எல்லாம் வந்துவிட்டது, கடைசிச் சரணம் மட்டும் வரவில்லை. விழாவுக்கு முந்தின நாள் அம்மா கேட்கச் சொன்னாள். "குடுத்தாச்சுன்னு சொல்லு" என்றார் அப்பா. வரவில்லையாம் என்று நான் திரும்பி வந்து சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. படித்துப் பார்த்துவிட்டுத்தான் வேண்டாமென்கிறாள் என்று நினைத்தாராம். அதில்லாமலே பாடி முடிப்பதாக ஏற்பாடு.

மேடையில் இரண்டு சரணம் முடிந்து, கீபோர்டு வாசித்தவர் பல்லவிக்குத் திரும்பப் போன நேரத்தில், அப்பா கையைத் தூக்கி நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்துப் பாடினார்.

"சைரன்னு சொன்ன வாயி, சண்டாள வாயி,
அந்தச் சத்தம் கேட்டாதான் என் பொழுது விடியுது."

கீபோர்டு இரண்டு சுற்றுச் சுற்றி வந்தது. அம்மா மைக்கை வாயருகே கொண்டுவந்து, அதே மெட்டில் அங்கேயே ஒரு வரி கட்டி, அவரையே பார்த்துப் பாடினாள்.

"பொழுது விடிஞ்சா போதுமா, தண்ணி யாரு புடிப்பா?"

கூட்டம் விசிலடித்தது. இரண்டு மாதத்துக்கு மேல் கழித்து அவள் அவரிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. நான் கம்பெனியில் கொடுத்த மைசூர்பாகு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கடைசிச் சரணம் எழுதிய அன்றைக்கு அட்டை தீர்ந்துபோயிருந்ததால், ஷூவின் உள்ளே வைக்கிற லைனிங் தோலின் பின்பக்கத்தில் அளவு போடும் சில்வர் பேனாவால் எழுதி, கட்டின் மேலேயே வைத்து அனுப்பியதாக அப்பா சொன்னார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"லைனிங்ல எவனாச்சும் எழுதுவானா? நான் டார்கெட் அவசரத்துல தெச்சி அனுப்பிட்டேன்."

யாரோ போனில் பிடித்த அந்தப் பாட்டு, அடுத்த வாரமே எல்லாக் கம்பெனி பஸ்களிலும் ஓடியது. பிறகு ஷேர் ஆட்டோக்களில், அப்புறம் அரக்கோணம் வரைக்கும் கல்யாணக் கச்சேரிகளில். புருஷனைச் சீண்ட நினைத்த பெண்களெல்லாம் "தண்ணி யாரு புடிப்பா" என்று ராகம் போட்டார்கள். கட்டியது யாரென்று யாருக்கும் தெரியாது, அதில் எங்களுக்கு ஏகப்பட்ட பெருமை.

இன்று அந்த போன் இல்லை, பதிவும் இல்லை. கம்பெனியில் சைரனும் இல்லை, விரல் ரேகை மெஷின்தான். தண்ணீர் வீட்டுக் குழாயிலேயே வருகிறது. போன மாதம் நெமிலியில் ஒரு கல்யாணத்தில் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அப்பாவின் தோளில் தோள் இடிக்க உட்கார்ந்திருந்த அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"என் சரணத்த எந்த ஊர்க்காரனோ மெதிச்சினு திரியறான். உங்கப்பாவ எனக்கு இன்னொன்னு எழுதித் தர சொல்லு."

நான் சொல்வதற்குள் அப்பா கல்யாணப் பத்திரிகையைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு, சட்டைப் பையில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.