அத்தை சொன்ன பெயர்

அத்தையின் தகரப் பெட்டியைத் திறந்ததும் மேலாகக் கிடந்தது அந்தக் காகிதம்தான். கோர்ட்டு முத்திரை, அடியில் ஒரு கிறுக்கல் கையெழுத்து. சக்ஸெஷன் சர்டிபிகேட். அத்தையின் கணவர் அத்திம்பேர் வைத்துவிட்டுப் போன சர்க்கார் கடன் பத்திரத்துக்கு ஆறு மாதத்துக்கொரு தரம் வரும் வட்டியை இனி அவர் மனைவி வாங்கிக்கொள்ளலாம் என்று இங்கிலீஷில் சொல்லும் காகிதம்.

அத்திம்பேர் போனபோது நான் பி.ஏ. கடைசி வருஷம். உலகத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற மிதப்பு. அப்பா தங்கையிடம், "எங்காத்துக்கே வந்துடு" என்றார். வருவது என்றால் எங்கள் அடுக்களைக்கு வருவது என்று அத்தைக்குத் தெரியும். "இங்கேயே இருந்துக்கறேன் அண்ணா" என்றாள். இங்கே என்பது மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் ஒற்றை அறை; அத்திம்பேர் சாய்ந்து சாய்ந்து எண்ணெய்க் கறை ஏறிய ஒரு சுவர். வாடகைக்கு வட்டி வேண்டும். வட்டிக்குக் கோர்ட்டுக் காகிதம் வேண்டும்.

வீட்டுக்கே ஆளை அனுப்பி அத்தையை விசாரிக்கச் செய்யலாம் என்றார் வக்கீல். "எதுக்கு சார், ஒரு நிமிஷ வேலை" என்று நான்தான் தட்டிவிட்டேன். ஒன்றை மறந்துவிட்டேன். அத்தை தன் கணவன் பேரைச் சொன்னதே கிடையாது. மற்றப் பெண்கள் பிள்ளை பேரைச் சொல்லி 'அவனோட அப்பா' என்று சமாளிப்பார்கள். அத்தைக்குப் பிள்ளையும் இல்லை. கூப்பிடுவதற்கு "ஏன்னா" ஒன்றுதான். அத்திம்பேருக்கு இருந்தது சாமி பேர். சகஸ்ரநாமத்தில் அந்த இடம் வந்தால் உதட்டை மட்டும் அசைப்பாள். கேலி செய்தால், "பேரைச் சொன்னா அவருக்கு ஆயுசு குறையும்டா" என்பாள்.

டிராமில் கோர்ட்டுக்குப் போனோம். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கூண்டருகே நின்றாள்.

"புருஷன் பேரு?" என்றார் குமாஸ்தா.

அத்தை தரையைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டு பேரைச் சொன்னேன்.

"உன்னைக் கேக்கலப்பா. அந்தம்மாவுக்குப் புருஷனா, உனக்கா?"

கோர்ட்டே சிரித்தது. வாசலில் நின்ற சேவகன், "இன்னாம்மா, பேரு தெரியாத ஆளோட வட்டியா வாங்கிக்கினு போவப் போறே?" என்றான். சொல்லாவிட்டால் மனுவைத் தள்ளிவிடுவேன் என்றார் ஜட்ஜ்.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இனிமே குறையறதுக்கு என்னடா இருக்கு?" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். பிறகு நிமிர்ந்து அத்திம்பேரின் பேரைச் சொன்னாள். தெளிவாக, ஒரே ஒரு தரம்.

டிராமிலேயே திரும்பினோம். அத்தை பூட்டைத் திறந்து, வாசற்படியில் நின்றபடியே, அந்த எண்ணெய்க் கறைச் சுவரைப் பார்த்து மறுபடி அதே பேரைச் சொன்னாள். கூப்பிடுவது போல.

"இத்தனை வருஷத்துலே ஒரு தரமாவது கூப்பிட்டிருக்கலாம்டா. திரும்பிப் பார்த்திருப்பார்."

நான் பரீட்சைக்குப் படிக்கணும் என்று கிளம்பிவிட்டேன்.

வட்டி வந்தது. அத்தை அந்த அறையிலேயே இருந்தாள், கடைசி வரை, தனியாக. நான் பார்க்கப் போவது மாதம் ஒரு தரம் என்று ஆரம்பித்து தீபாவளிக்கு ஒரு தரம் என்று ஆனது.

போன வாரம் அத்தை போய்விட்டாள். சாவைப் பதிய கார்ப்பரேஷன் ஆபீஸில் நின்றேன்.

"இறந்தவங்க பேரு?"

அத்தை என்றுதான் வாயில் வந்தது. அப்பா 'குஞ்சு' என்பார். அவரும் இப்போது இல்லை. அத்திம்பேர் 'அடியே' என்பார். கோர்ட்டில் அன்று அவள் பேரைக் கூவித்தான் அழைத்திருப்பார்கள், நான் கவனிக்கவில்லை. "இன்னா சார், யோசிக்கிறே? உங்க வூட்டு ஆள்தானே?" என்றான் பின்னால் நின்றவன்.

அதனால்தான் இன்று பெட்டியைத் திறந்தேன். அந்தக் காகிதத்தில், முத்திரைக்கு மேலே, டைப் அடித்த இங்கிலீஷில் அத்தையின் பேர் இருக்கிறது. அழகான பேர். காலியான அறையில், கறைச் சுவரைப் பார்த்து, ஒரு தரம் வாய்விட்டுக் கூப்பிட்டேன்.