உளுந்து விலைக்குக் கீழே பிரஷர்

கோவில்பட்டியில் உளுந்தும் பாசிப்பயறும் வாங்கி விற்கும் வேல்சாமி அண்ணாச்சிக்கு ஐம்பத்தெட்டு வயதில் பிரஷர் வந்தது. எல்லாருக்கும் வருகிற நோய்தான். ஆனால் அண்ணாச்சியிடம் வந்த எதுவும் சும்மா இருந்துவிட்டுப் போக முடியாது, வியாபாரத்துக்கு உதவ வேண்டும். ஆறே மாதத்தில் அவர் கடை வாசலில் செம்பருத்திப்பூ டீத்தூள் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கின.

டீத்தூளுக்கு விளம்பரம் அண்ணாச்சியின் உடம்புதான். தினமும் காலை பத்து மணிக்கு, ஆள் கூடும் நேரமாகப் பார்த்து, சட்டைக் கையை மடித்துவிட்டு பிரஷர் மெஷினை மாட்டுவார். வந்த எண்ணை, அன்றன்றைய விலை எழுதும் கரும்பலகையில் உளுந்துக்குக் கீழே எழுதுவார்: 'அண்ணாச்சி பிரஷர் 126/80'. மாத்திரையை விட்டாச்சு, இப்போது இந்த டீ மட்டும்தான் என்று கேட்காதவர்களிடமும் சொல்வார். காலையில் வீட்டை விட்டுக் கிளம்புமுன் மனைவி உமாதேவி அவர் உள்ளங்கையில் வைக்கும் வெள்ளை மாத்திரையைப் பற்றி எழுதத்தான் பலகையில் இடம் போதவில்லை. உபதேசம் ஊருக்குத்தானே.

இடைசெவல் கிராமத்துச் சம்சாரி சிவனாண்டி, தன் காட்டில் விளைந்த உளுந்து மூட்டையை இருபது வருஷமாக அந்தப் பலகையைப் பார்த்துத்தான் இறக்குகிறார். டாக்டர் சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பார். பலகையில் இருந்தால் கேட்க மாட்டார். உளுந்து விலை சரியாக இருக்கும்போது அடுத்த வரி மட்டும் எப்படித் தப்பாகும்? தன் பிரஷருக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இரண்டு வேளையும் செம்பருத்தி டீ குடித்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் கடைக்கு வந்தவர், தலை கிறுகிறுக்கிறது என்று மூட்டைமேல் உட்கார்ந்தார். டீயின் மகிமையைக் காட்ட இன்னொரு கை கிடைத்ததே என்று அண்ணாச்சி சந்தோஷமாக மெஷினை மாட்டினார். 210/120. மெஷின் கெட்டுவிட்டது என்று தட்டிவிட்டு மறுபடி மாட்டினார். இன்னும் ஐந்து கூடியது.

அண்ணாச்சி குரலைத் தாழ்த்தி, மாத்திரை போட்டாயா என்று கேட்டார்.

"நீங்க விட்டாப்லதான் நானும் விட்டுட்டேன் அண்ணாச்சி. இடது கை வெரலு மரத்துப் போவுது."

ஏழெட்டுச் சம்சாரிகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணாச்சி பயந்துதான் போனார்.

"நான் எங்கய்யா விட்டேன்? தெனமும் போட்டுட்டுத்தான் கடைக்கு வாரேன்."

லாபமில்லாமல் அந்தக் கடையில் அவர் சொன்ன முதல் உண்மை அது. அதற்காக மட்டும் அவரைக் கும்பிடலாம். ஆட்டோ பிடித்து அவரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சிவனாண்டி பிழைத்துக்கொண்டார். இடது கைதான் இன்னும் மூட்டை தூக்க மாட்டேன் என்கிறது.

அடுத்த அறுவடைக்கு மனைவி மாடத்தியோடு லோடு ஆட்டோவில் உளுந்து கொண்டுவந்தார். பாக்கெட்டுகளைக் காணோம். பலகையில் பிரஷர் வரி அழிந்திருந்தது. சிவனாண்டி இறங்காமல் பலகையையே பார்த்தார்.

"அண்ணாச்சி, இதுல உளுந்து வெலையாவது மெய்தானா?"

அண்ணாச்சி வாயைத் திறப்பதற்குள், வண்டியை அடுத்த கடைக்கு விடச் சொன்னாள் மாடத்தி.