கரண்ட் அடுப்பு ஸும்றா

"சட்டியக் கழுவிப் போடாதீங்க. அடுப்பில இருந்த மாதிரியே வைங்க, வாரன்" என்று கைபேசிக்குள் சொல்லிக்கொண்டே ஸும்றா செருப்பைத் தேடுகிறாள். ஒற்றைச் செருப்பு மாட்டியாகிவிட்டது. மற்றது கதவுக்குப் பின்னால் எங்கோ கிடக்கிறது. அது அகப்படுவதற்குள், பேசுகிற பெண்ணின் வீட்டில் நேற்று என்ன கறி, எந்தச் சட்டி, பொங்கி வழிந்ததா இல்லையா என்று எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிடுவாள். அடுப்பில் என்ன இலக்கம் விழுந்தது என்று கேட்பது கடைசியில்தான்.

புத்தளம் தில்லையடியில் 'கரண்ட் அடுப்பு ஸும்றா' என்று கேட்டால் எந்தக் கடைக்காரரும் வீட்டைக் காட்டுவார். சமையல் கேஸுக்காக நாடே வரிசையில் நின்ற வருஷத்தில் இந்தக் கரையோரமெங்கும் இன்டக்ஷன் அடுப்புகள் வந்து குவிந்தன. வந்த வேகத்திலேயே பழுதாகவும் தொடங்கின. பீப் பீப் என்று கத்தி, சிவப்பு வெளிச்சத்தில் ஆங்கில ஈ எழுத்தையும் பக்கத்தில் ஓர் இலக்கத்தையும் காட்டிவிட்டு அப்படியே படுத்துவிடும். ஸும்றாவின் அடுப்பும் படுத்தது. த்ரீவீல் ஓட்டுகிற அவள் கணவன் முனாஸ், கொழும்புக்கு அனுப்பலாம் என்றான். "அது போய் வார வரைக்கும் என்னத்தத் தின்னுற?" என்று கேட்டுவிட்டு, அவனுடைய வண்டியில் இருந்த ஸ்குரூ டிரைவரை எடுத்துவந்து அடியைக் கழற்றினாள். விசிறிக்குள் ஒரு கரப்பான் பூச்சி குடும்பத்தோடு குடியிருந்தது. கூட்டித் தள்ளினாள், அடுப்பு வேலை செய்தது. அன்றைக்கு வந்த துணிச்சல்தான். பிறகு டவுனில் தெரிந்தவரின் ரிப்பேர் கடையில் போய் உட்கார்ந்து, மீட்டர் பிடிக்கவும் வயருக்கு ஈயம் வைத்துப் பற்றவைக்கவும் முறையாகவே படித்துக்கொண்டாள்.

வேலைக்குக் கிளம்புகிறபோது பார்த்தால் கலியாண வீட்டுக்குப் போகிறாள் என்றுதான் நினைக்கத் தோன்றும். மடிப்புக் கலையாத அபாயா, கை நிறைய வளையல், கொஞ்சம் அத்தர். கைப்பைக்குள் மட்டும் மீட்டர், ஈயம் வைக்கிற கோல், துரு கழுவுகிற திரவம், பழைய டூத் பிரஷ், ஒரு காந்தத் துண்டு. அந்தக் காந்தத்தைச் சட்டியின் அடியில் வைத்துப் பார்ப்பாள். ஒட்டாமல் விழுந்தால் அவளுக்கு ஒரே சந்தோஷம். "அடுப்புக்குச் சொகம் மகள். ஒங்கட சட்டிதான் அலுமினியம், அத அடுப்புக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுத் தேநீர் கேட்பாள்.

எந்த இலக்கம் விழுந்தால் என்ன பழுது என்று ஒரு பட்டியல் போட்டுத் தரச் சொல்லிச் சிலர் கேட்பதுண்டு. சிரிப்பாள். ஒவ்வொரு கொம்பனியும் தன் இஷ்டத்துக்கு இலக்கம் வைத்திருக்கிறது, ஒன்றுக்குச் சூடு என்றால் இன்னொன்றுக்குக் கரண்ட் குறைவு. "நம்பரு வயித்து வலின்னு மட்டும்தான் சொல்லும். என்னத்தத் தின்டதுன்னு நாமதான் கேக்கணும்" என்பாள். கேட்கவும் செய்வாள், வெட்கம் பாராமல், அயல் வீட்டுக்கும் கேட்கிற குரலில். அடுப்புக்கு அடியில் பன்பாய் விரித்துக் காற்றுத் துவாரத்தை அடைத்தவர்கள், புதுசு பழசாகக் கூடாதென்று பொலித்தீனை உரிக்காமலே வைத்திருந்தவர்கள், எல்லாரும் அவளிடம் ஏச்சு வாங்கியிருக்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை காலையில் மதுரங்குளியிலிருந்து அழைப்பு வந்தது. இல்மா என்கிற இளம் பெண். புதுக் குசினி, மாபிள் கல்லுக்குள் பதித்த கண்ணாடி அடுப்பு, கட்டாரிலிருந்து கணவன் ரிஷாத் பார்த்துப் பார்த்து அனுப்பியது. அதில் 'ஈ ஃபைவ்' விழுந்து ஏழு நாள், ஒரு கிழமையாகிறது. மருமகளுக்குத் துணையாக வந்து நிற்கிற மாமி சாரா உம்மா, ஸும்றா செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே முறைப்பாட்டைத் தொடங்கிவிட்டார்.

"தண்ணிய ஊத்தி ஊத்திக் கழுவினா பழுதாகாம என்ன செய்யும்?"

"நான் ஈரத் துணியாலதான் தொடச்ச தாத்தா" என்றாள் இல்மா. அக்காவை இங்கே தாத்தா என்பதுதான் வழக்கம். அவள் கண் கலங்கியிருந்தது. கருப்பட்டியும் முட்டையும் சேர்த்த வட்டிலப்பம் செய்து ஓடருக்குக் கொடுக்கத் தொடங்கி, இப்போதுதான் நாலு பேர் தேடி வருகிறார்கள். "அடுப்புப் போனாப் போகட்டும். ஒரு சாமானப் பாத்துக்கத் தெரியல்ல, ஓடர் எடுக்கிற வேலைய நிப்பாட்டுங்கன்னு கட்டார்ல இருந்து அவர் சொல்லிட்டார். எனக்கு அதுதான் தாங்கல்ல."

ஸும்றா வளையல்களைக் கழற்றி இல்மாவின் கையில் கொடுத்தாள். டிரிப் சுவிட்சை இறக்கச் சொன்னாள். உள்ளே தேங்கிய கரண்ட் இறங்கும்வரை பால் சேர்க்காத பிளேன்ரீ ஒன்றை ஆறுதலாகக் குடித்துவிட்டு அடுப்பின் கண்ணாடியைத் தூக்கி நிமிர்த்தினாள். சூடு பார்க்கிற வயர் வந்து சேரும் இடம் பச்சை பூத்துக் கிடந்தது. தண்ணீர் விழுந்தால் மேலிருந்து கோடு இறங்கியிருக்க வேண்டும். இங்கே கோடே இல்லை, விசிறிப் பக்கம் முழுக்க வெள்ளையாய்ப் பொரிந்திருந்தது. விரலால் தொட்டு நுனி நாக்கில் வைத்தாள். உப்பளங்கள் சூழ்ந்த புத்தளத்தில் பிறந்தவளுக்கு இதற்கு மேல் மீட்டர் எதற்கு?

"மகள், தலை காய வைக்கிற மெஷின் இருந்தா எடுத்துக்கிட்டு வாங்க" என்று இல்மாவை அறைக்கு அனுப்பிவிட்டு, அடுப்புக்குக் கீழே இருந்த அலுமாரியைத் திறந்து கையை உள்ளே விட்டுத் துழாவினாள். விசிறிக்கு நேர் கீழே, ஓர் ஆணியில், துணி முடிச்சு ஒன்று தொங்கியது. அவிழ்த்தால் உப்பளத்து உப்பும் காய்ந்த மிளகாயும். உப்பு ஈரம் குடித்துக் கசிந்து துணியெல்லாம் நனைந்திருந்தது. விசிறி அந்த உப்பு ஈரத்தைத்தான் நாளும் பொழுதும் உள்ளே இழுத்திருக்கிறது.

திரும்பிப் பார்த்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற சாரா உம்மாவின் முகத்தில் இரத்தமே இல்லை.

"கண்ணூறு படக்கூடாதுன்னுதான் கட்டின" என்றார் மெதுவாக. "வாரவ போறவ எல்லாம் இந்தக் குசினியப் பாத்துப் பெருமூச்சு விடுறாளுக. புள்ள வெயில்ல நிண்டு ஒழச்ச காசு. ஆனா அவனுக்கு இதெல்லாம் ஆகாது, தெரிஞ்சா என்னோட கதைக்க மாட்டான். நீங்க உப்புக் காத்துன்னு சொல்லிடுங்களே."

ஸும்றாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கிழமையாக ஒரு பிள்ளையைத் தூற்றிவிட்டு இப்போது வந்து கெஞ்சலா? வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும், கட்டாரில் இருக்கிற மகனை நினைத்து இருட்டு அலுமாரிக்குள் தலையை விட்டு ஆணியில் முடிச்சுப் போட்ட கைதான் மனக்கண்ணில் வந்தது. கோபம் பாதியாகிவிட்டது.

"உப்புக் காத்துன்னு சொன்னா, தொடைக்காமப் போட்டாளாம்னு அதுவும் அவள்ட தலையிலதான் விழும் மாமி. நான் பொய் சொல்லவும் மாட்டன், ஒங்களப் பத்திச் சொல்லிக் கோள்காரியாகவும் மாட்டன். ஒங்கட மகன், ஒங்கட வாய். நீங்களே சொல்லுங்க."

இல்மா மெஷினோடு வந்துவிட்டாள். ஸும்றா பச்சையைச் சுரண்டினாள், திரவம் தொட்டுப் பிரஷால் தேய்த்தாள், சூடு காட்டி உலர்த்தினாள், அரித்துப்போன முனையை வெட்டிப் புது ஈயம் வைத்தாள். இதற்கிடையே இல்மாவுக்கு வட்டிலப்பத்தில் ஏலக்காய் கூடிப்போகாமல் இருக்க யோசனை வேறு சொன்னாள். கண்ணாடியை மூடி, சுவிட்சைப் போட்டு, காந்தம் ஒட்டுகிற சட்டியில் தண்ணீர் வைத்தாள். ஈ ஃபைவ் வரவில்லை. சட்டி கொதித்தது. கொதிக்கும் என்பது அவளுக்கு முன்பே தெரியும்.

அந்த நேரம் பார்த்து ரிஷாத் கூப்பிட்டான், கட்டாரில் அன்று லீவு. இல்மா கைபேசியை ஸும்றாவிடம் நீட்டினாள்.

"சரிவந்திட்டாம்? என்ன காரணம்? தண்ணிதானே?" என்று திரையில் இருந்து கேட்டான்.

ஸும்றா கைபேசியைச் சாரா உம்மாவின் பக்கம் நீட்டிப் பிடித்தாள். நெடுநேரம் நீட்டியபடியே நின்றாள். கடைசியில் சாரா உம்மா அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

"மகன், இல்மா மேல ஒரு பிழையும் இல்ல. நான்தான்…"

ஸும்றா இல்மாவின் தோளில் கை போட்டு அவளையும் தன்னோடு சிங்க் பக்கம் திருப்பிக்கொண்டாள். தண்ணீர்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, பேச்சு காதில் விழாத அந்தச் சத்தத்தில், ஏற்கெனவே கழுவித் துடைத்திருந்த கைகளை மறுபடியும் சோப்புப் போட்டு மெதுவாகக் கழுவத் தொடங்கினாள்.