சாமிக்கு எடுத்து வைத்த பிடி அரிசி

என் வீட்டுக்காரருக்கு இடுப்பில் அடிபட்டபின் சிமெண்ட் கடையில் மூட்டை தூக்கும் வேலை போனது. முதலாளி நல்லவர், வெளியே அனுப்பவில்லை. உட்கார்ந்து பில் எழுதுகிற வேலை கொடுத்தார். சம்பளம் மட்டும் பாதியாகிவிட்டது. வாடகை பாதியாகுமா, பிள்ளைகள் போகிற வேன் காசு பாதியாகுமா? குறைக்க முடிந்தது மளிகை ஒன்றுதான். அது என் கையில் இருந்தது.

முதலில் காப்பியை நிறுத்தினேன். மாயவரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது சின்ன விஷயமில்லை, ஆனாலும் நிறுத்தினேன். துவரம்பருப்பில் பாதிக்குப் பாசிப்பருப்பு கலந்து, அதையும் தண்ணீராக விட்டு சாம்பார் வைத்தேன். சின்ன வெங்காயம் வாங்குவதை விட்டேன். நல்லெண்ணெய் போய் ரேஷன் பாமாயில் வந்தது. வேலியோரத்து முருங்கைக்கீரை வாரத்தில் பாதி நாள் குழம்பாகவும் பொரியலாகவும் வந்துகொண்டே இருந்தது.

"அம்மா, இன்னிக்கு சாம்பார்ல பருப்பு லீவா?" என்பான் மகன்.

"நேத்தே லீவு லெட்டர் குடுத்துட்டுதுடா" என்பாள் மகள். என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வரும், ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பேசாம சாப்பிடுங்க ரெண்டு பேரும்" என்று அதட்டுவார்.

சோற்றுக்கும் ரேஷன் அரிசிதான். ஒரே ஒரு சின்னப் பை பொன்னி அரிசி மட்டும் கடையில் வாங்குவேன். அதை நாங்கள் சாப்பிடுவதில்லை. அது சாமிக்கு.

எங்கள் தெருவில் பெண்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. உலைக்கு அரிசி எடுக்கும்போது முதலில் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் களைவோம். வெள்ளிக்கிழமை காலையில் அது மாரியம்மன் கோயிலுக்குப் போகும். பௌர்ணமி அன்று அதைப் பொங்கி வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடுவார்கள். நாம் சாப்பிடுகிறது ரேஷன் அரிசி என்பதற்காக ஆத்தாளுக்கும் அதையே எடுத்து வைக்க எனக்கு மனசு வரவில்லை. மளிகையில் நான் கை வைக்காத ஒரே இடம் அந்தப் பானைதான்.

வீடு வீடாக வந்து அரிசியை வாங்கிக்கொண்டு போவது எதிர் வரிசையில் இருக்கும் அக்கா. சொந்தம் இல்லை, ஆனால் சொந்தத்துக்கு மேல். என் இரண்டாவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் என்கூட இருந்தது அவர்தான். என் வீட்டு நிலைமையை அவரிடம் மட்டும்தான் சொன்னேன். அம்மா வீட்டுக்குக்கூடச் சொல்லவில்லை.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. அவரு ரொம்ப ரோஷக்காரரு."

"என்னைத் தெரியாதாடி உனக்கு? ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. சாமிக்குக் குடுக்கறதை மட்டும் நிறுத்திடாத. கஷ்டத்துல குடுக்கறதுதான் ஆத்தாளுக்குப் போய்ச் சேரும்."

அந்தப் பேச்சைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்குப் பானையில் இன்னொரு பிடி சேர்த்துப் போட்டேன்.

தை முடிகிற சமயம், ரேஷன் அரிசியும் மாசக் கடைசி வரை வராமல் போயிற்று. எங்களைச் சுற்றிலும் வயல்தான். சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் மலை மாதிரி குவிந்து கிடந்தது. ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லின்மேல் பஸ் ஏறிப் போனது. அந்த ஊரில்தான் நான் விலை குறைந்த அரிசிக்குக் கடை தேடி அலைந்தேன். தெரிந்தவர் யாரும் பார்க்காத இடமாக, மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தீவனக் கடை. தவிடு, பிண்ணாக்கு, கோழிக்குக் குருணை எல்லாம் விற்பார்கள். ஒரு மூலையில் திறந்த சாக்கில் அரிசி இருந்தது.

"இது மனுஷர் சாப்பிடலாமாங்க?"

"ஏம்மா, நல்ல அரிசிம்மா. கலப்படமா இருக்கும், அவ்வளவுதான். தோசைக்குப் போடுங்க, சும்மா பூ மாதிரி வரும்."

வாங்கி வந்து அவசரத்துக்குச் சோறே வடித்தேன். பாதி குழைந்து கூழாகிவிட்டது, பாதி நறுக்கு நறுக்கென்று வேகாமல் நின்றது. என்னடா இது என்று மிச்ச அரிசியை முறத்தில் கொட்டி வெளிச்சத்தில் பார்த்தேன். பச்சரிசி கிடந்தது, புழுங்கல் கிடந்தது. குண்டு குண்டாக இட்லி அரிசி, மங்கலாக ரேஷன் அரிசி, மெலிசாகப் பொன்னி. நடுநடுவே சிவப்பாக மாப்பிள்ளைச் சம்பா.

எந்த மில்லிலும் அரிசி இப்படிக் கலக்காது. இத்தனை ரகமும் ஒன்று சேருவது பல வீட்டுக் கைப்பிடி ஒரே பையில் விழும்போதுதான். எங்கள் தெருவில் மாப்பிள்ளைச் சம்பா சாப்பிடுகிற வீடும் ஒன்றுதான், முனை வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் வீடு. சர்க்கரை நோய்க்காக வேறு அரிசி தொடமாட்டார்கள். அந்த அம்மா சாமிக்கும் அதையேதான் எடுத்து வைப்பார்கள்.

முறத்தை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். என் பிள்ளைகள் வாய்க்குக் கொடுக்காமல் ஆத்தாளுக்கென்று எடுத்து வைத்த பொன்னியைக் கோழித் தீவனக் கடையில் நானே காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன்.

அப்போதும் அக்காவைச் சந்தேகப்பட மனசு ஒப்பவில்லை. கோயிலில் யாரோ திருடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் கோயிலுக்குப் போனேன். பூசாரி நடையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, நாங்க குடுக்கற பிடி அரிசி பத்திரமா இருக்குங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எந்த அரிசி தாயி? அது நின்னு போய் ரொம்ப நாளாச்சே. தெருவுல பொம்பளைங்க எல்லாம் நிறுத்திட்டாங்க, இப்ப யாருக்கும் பக்தி இல்லன்னு அரிசி கொண்டாற அந்தம்மாதான் வந்து சொல்லிட்டுப் போச்சு. பௌர்ணமிக்கு மில்லுக்காரர்தான் மூட்டை இறக்குறாரு."

யாருக்கும் பக்தி இல்லையாம். அதைக் கேட்டபோது சன்னதிப் பக்கம் திரும்பி நிற்கக்கூட எனக்குக் கூசியது. இத்தனை நாளும் ஆத்தாள் என்னைப் பற்றி அப்படித்தானே கேட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் கத்தவில்லை. கடையில் பார்த்ததையும் பூசாரி சொன்னதையும் சொல்லி, "அரிசி எங்கக்கா போவுது?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தார். பதறுவார், இல்லை என்று சத்தியம் செய்வார் என்றெல்லாம் நினைத்திருந்தேன்.

"அந்தக் கடைக்கு நீ எதுக்குடி போன?" என்றார்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே அவரே மேலே பேசினார்.

"அது கோழிக்கு வாங்கற எடமாச்சே. அங்கயா போய் அரிசி வாங்கற? அவ்வளவு தூரத்துக்கா போயிட்டுது உங்க வீட்டுல?" குரலில் உண்மையாகவே பரிதாபம் இருந்தது. அதுதான் என்னைச் சுட்டது.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல? ஒண்ணு வேகுது ஒண்ணு வேகலன்னு கோயில் சமையல்காரன் அரிசியத் தூக்கி எறிஞ்சான். குப்பையிலயா கொட்டச் சொல்ற? வித்தேன். வித்த காசுல சாமிக்குத்தான் அது இதுன்னு வாங்கினேன்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் பொன்னி வாங்கிப் போட்டேன்க்கா. என் புள்ளைங்களுக்குப் போடாம போட்டேன். உங்களுக்கு அது தெரியும்."

"நானா போடச் சொன்னேன்?" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்து பாத்திரத்தை எடுத்துக்கொண்டார்.

நிறுத்திடாதே என்று சொன்ன அதே வாய். நான் திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "தெருவைக் கூட்டிச் சொல்லிடு" என்றார் முதலில். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "அந்தக் கடைக்கு ஏன் போனன்னு கேப்பாங்களே" என்றார். முறத்தில் இருந்த அரிசியைக் கொட்டவும் முடியவில்லை, கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகவும் முடியவில்லை. அரைத்துத் தோசை வார்த்தேன். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, பூ மாதிரிதான் வந்தது. பிள்ளைகள் இன்னும் ஒன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா பையோடு வந்தார். எல்லா வீட்டிலும் நின்றார், என் வீட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

பௌர்ணமி பூஜைக்குப் போயிருந்தேன். முன்பு என்னைப் பார்த்ததும் கோலமாவு, பூக்கட்டு என்று வேலை சொல்லுகிறவர்கள் அன்று ஒன்றும் சொல்லவில்லை. "நீ உக்காரும்மா" என்றார்கள். பூஜை முடிந்து சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். வாத்தியார் வீட்டு அம்மா என் தொன்னையை நிரப்பிவிட்டு, ஒரு தூக்கு நிறையப் போட்டு மூடி என் கையில் வைத்தார்.

"இதப் புள்ளைங்களுக்கு எடுத்துட்டுப் போம்மா. பிடி அரிசி போட முடியலன்னு மனசுல வச்சுக்காத. கஷ்டம் யாருக்குத்தான் இல்ல? கோழி அரிசியெல்லாம் வேணாம், ஒடம்புக்கு ஆவாது. வேணும்னா எங்க வீட்டுல வந்து ரெண்டு படி வாங்கிக்க."

சுற்றி நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அக்கா தூணோரமாக நின்று விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவை என்னைப் பார்த்தார். பார்வையில் பயமே இல்லை.

நான் அந்த இடத்தில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் என்னவென்று சொல்வது? தீவனக் கடைக்குப் போன கதையில் தொடங்காமல் அதைச் சொல்லவே முடியாது. அந்தக் கதையை அவர் எனக்கு முன்னாலேயே தெருவுக்குச் சொல்லி முடித்துவிட்டார். இனி நான் எது சொன்னாலும், இல்லாத கொடுமையில் ஒருத்தி பழி போடுகிறாள் என்றுதான் இருக்கும். நான் சொல்லமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். என் வீட்டுக்காரரின் ரோஷத்தைப் பற்றி அவரிடம் சொன்னவளே நான்தானே.

பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினேன். வீட்டில் பிள்ளைகள் தூக்கை வழித்துச் சாப்பிட்டார்கள். முந்திரி இருந்ததாம்.

பொன்னி வாங்குவதை அந்த மாசத்தோடு நிறுத்திவிட்டேன். மளிகைக் கணக்கு இன்னும் கொஞ்சம் இறங்கியது, அதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. அரிசி எடுக்கும்போது இன்றைக்கும் முதல் பிடி தனியாக என் கையில் வந்து நிற்கும். கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு நிற்பேன். பிறகு அதையும் உலையிலேயே போட்டுவிடுவேன். ஆத்தாளிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டேன்: உன் பங்கு இதில்தான் வேகிறது, யார் கையிலும் இனி கொடுத்தனுப்ப மாட்டேன், பசித்தால் என் வீட்டுக்கு வந்து சாப்பிடு.