எரிக்கக் கூடாத கொடும்பாவி

என் அண்ணன் கட்டிய கொடும்பாவிக்கு மீசை வரைந்தவள் நான். மில்லில் இருந்து வந்த கழிவுப் பஞ்சைச் சாக்கில் திணித்து, கிழிந்த காக்கிக் கால்சட்டை ஒன்றை மாட்டி, தலைக்கு ஒரு பழைய பானையைக் கவிழ்த்து வைத்திருந்தார். பானையில் கரிக்கட்டையால் சின்ன மீசையாகப் போட்டேன். எங்கள் பேரையூர்ப் பக்கத்தில் மழை பொய்த்தால் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுப்பார்கள். பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்தபடி பின்னால் போவோம். ஊர் எல்லையில் கொளுத்திவிட்டுத் தலைமுழுகித் திரும்புவோம். மழைக்காகச் செய்கிற அந்த மரியாதையை ஜெர்மனியை ஆள்கிறவனுக்கும் செய்துவிட வேண்டும் என்பது அண்ணனின் யோசனை. மதுரையில் எங்கள் மில்லின் செங்கொடிச் சங்கத்துக்காரர்கள் எல்லாருக்கும் அது பிடித்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் என்று முடிவானது. ஒப்பாரிப் பாட்டு என் பொறுப்பு. நாலு வரி கட்டி வைத்திருந்தேன், அதில் மூன்று வரி வசவு.

அண்ணனும் என் கணவரும் அந்த மில்லில் ஒரே பகுதியில் வேலை பார்த்தார்கள். நானும் அங்கேதான் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். என்னை என் கணவருக்குக் கட்டிவைத்ததே அண்ணன்தான். சங்கக் கூட்டத்தில் இவர் பேசியதைக் கேட்டுவிட்டு வந்து, “நல்லாப் பேசுறான், நியாயமாப் பேசுறான், இவனுக்கே உன்னையக் கொடுத்துருவோம்” என்றார். நன்றாகப் பேசுகிறவனைக் கட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று அப்போது எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே தூக்குவாளியில் சோறு கொண்டுபோய்ப் பகிர்ந்து தின்றார்கள். பத்திரிகை வந்தால் ஒருவர் படிக்க ஒருவர் கேட்பார். ஜெர்மனிக்காரனைப் பேய், பிசாசு என்று எங்கள் லைன் வீடுகளில் இருந்த குழந்தைகள்கூடத் திட்டக் கற்றுக்கொண்டது இவர்கள் இரண்டு பேராலும்தான்.

ஊர்வலத்துக்கு முன்பு, அந்த வாரத்தின் நடுவில் சேதி வந்தது. ரஷ்யாவும் ஜெர்மனியும் ஒருவரை ஒருவர் அடிப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம். முதலில் அண்ணன் சிரித்தார், அச்சுக்காரன் தப்பாகப் போட்டிருப்பான் என்று. மறுநாளும் அதே சேதி. அப்புறம் கட்சி மேலிடத்தில் இருந்து சொல்லி அனுப்பினார்கள்: ஊர்வலம் வேண்டாம், கொடும்பாவியைப் பிரித்துவிடுங்கள் என்று.

கொடும்பாவி எங்கள் வீட்டு மூலையில்தான் சாய்ந்திருந்தது. அதற்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு பேரும் மோதிக்கொண்டார்கள்.

“ஊரே சேர்ந்து ரஷ்யாவத் தனியா மாட்டிவிடப் பாத்தாங்க மச்சான். அவன் கதவச் சாத்திக்கிட்டான், அம்புட்டுத்தான். இப்ப அடி வாங்குனா எந்திரிக்க முடியாது. கொஞ்சம் நேரம் வேணுமில்ல?” என்றார் என் கணவர்.

“நேத்துவரைக்கும் பேயின்னு சொன்னோம். இன்னைக்கு அவன் கூடக் கைகுலுக்கணும்னா, நேத்துச் சொன்னது பொய்யா மாப்ள?”

“கைகுலுக்குனது ரஷ்யாக்காரன். நம்மள ஒண்ணும் குலுக்கச் சொல்லலயே.”

“அப்ப இந்தப் பொம்மைய எரிக்கிறதுல உனக்கு என்ன கஷ்டம்?”

மடக்கிக் கேட்டால் என் கணவருக்குக் கோபம் வரும். “கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்குல்ல” என்று கத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தாம்புக் கயிற்றைக் கட்டித் தனியாக இழுத்துக்கொண்டு கிளம்பினார். கொட்டு இல்லை, கூட்டம் இல்லை. டீக்கடையில் இருந்த சங்கத்துக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. பாட்டுக் கட்டியவள் நான், அவர் மட்டும் இழுத்துக்கொண்டு போவதா? என் கணவர் கூப்பிடக் கூப்பிட நானும் பின்னால் போனேன். ஒருவர் இழுக்க ஒருத்தி மாரடிக்க, வைகை மணலில் கொண்டுபோய்க் கொளுத்தினோம். பஞ்சு குபுகுபுவென்று பிடித்துக்கொண்டது. அண்ணனுக்கு அழுகையா புகையா தெரியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

மறு வாரம் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். கட்டுப்பாட்டை மீறியவரோடு யாரும் பேசக் கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது என்று முடிவு செய்தார்கள். ஊரில் சாதிக் கூட்டம் இப்படித்தான் ஒருவரை ஒதுக்கி வைக்கும். நெருப்புக் கிடையாது, தண்ணீர் கிடையாது. அந்தக் கொடுமை வேண்டாம் என்றுதான் சங்கத்தில் சேர்ந்ததாக அண்ணனும் என் கணவரும் எத்தனையோ மேடைகளில் பேசியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் முதலில் கை தூக்கியவர் என் கணவர். மச்சான் என்பதால் சலுகை காட்டினார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். பொம்பளை என்பதால் என்னை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. கூடப் போய் மாரடித்தவள் என்று நானாகச் சொல்லியும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

சண்டை மூண்டது. போலந்து என்று ஒரு நாடு. ஒரு பக்கம் ஜெர்மனியும் இன்னொரு பக்கம் ரஷ்யாவும் உள்ளே வந்து அதைப் பங்கு போட்டுக்கொண்டன. அன்றைக்கு அண்ணன் மில் வாசலில் நின்று, பேசக் கூடாது என்ற கட்டுப்பாட்டை மதிக்காமல் என் கணவரைப் பார்த்துக் கேட்டார்: “கதவச் சாத்திக்கிட்டான்னு சொன்னியே மாப்ள, இப்பப் பக்கத்து வீட்டயில்ல ரெண்டு பேருமாப் பங்கு போட்டிருக்காங்க?” என் கணவர் காது கேளாதவர்போல நடந்து போனார். அந்தக் கேள்வி வீடுவரைக்கும் அவர் கூடவே வந்தது. அன்று அவர் சோற்றில் கை வைக்கவில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கழிவுப் பஞ்சு விஷயம் நிர்வாகத்துக்குத் தெரிந்துவிட்டது. கொடும்பாவிக்காக ஆளுக்கொரு பிடி பஞ்சை மடியில் கட்டி வெளியே கொண்டுவந்தவர்கள் எத்தனையோ பேர். என் கணவரும் கொண்டுவந்தார். திருட்டு என்று வேலையைவிட்டு நீக்கியது அண்ணனை மட்டும். சங்கம் சொல்லித்தான் எடுத்தோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஒதுக்கி வைக்கப்பட்டவருக்காகச் சங்கம் பேசாது என்று சொல்லிவிட்டார்கள். நான் வீட்டில் ஆடித் தீர்த்தேன். பானையை உடைத்தேன். “முடிவு எடுத்தது நான் மட்டுமில்ல” என்றார் இவர். அந்த நாளில் இவர்மேல் எனக்கு வந்த வெறுப்பை இன்றைக்கும் மறைத்துச் சொல்ல நான் தயாராக இல்லை.

வேறு எந்த மில்லிலும் அண்ணனைச் சேர்க்கவில்லை. திருடன் என்ற பெயர் அவருக்கு முன்னால் போய் நின்றது. கடைசியில் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். கிளம்புவதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்தார். பெண் கொடுத்த வீட்டில், மாப்பிள்ளை தன் வாயால் “வாங்க” என்று சொல்லாமல் எங்கள் பக்கத்து ஆட்கள் வாசலைத் தாண்ட மாட்டார்கள். நான் கூப்பிட்டேன். அது செல்லாது. என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் சந்தில் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே பார்த்து, “போயிட்டு வாரேன் மாப்ள” என்றார். இவர் திரும்பவில்லை. தெருமுனைவரைக்கும் நான் கூடப் போனேன். “அவனத் திட்டாத. அவனுக்கும் வலிக்கும்” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவரை மலேயாவுக்குக் கப்பலில் அனுப்பினார்கள். அந்தச் சமயத்தில் ரஷ்யா ஜப்பானோடும் ஒரு கையெழுத்துப் போட்டது. அதையும் என் கணவர் டீக்கடையில் நியாயப்படுத்தினார் என்று கேள்விப்பட்டேன். ஆனால் குரலில் பழைய சுருதி இல்லையாம். அடுத்து இரண்டொரு மாதத்தில் ஜெர்மனி ரஷ்யாவுக்குள் புகுந்துவிட்டது. இவர் பத்திரிகையை மடித்துக் கீழே வைத்தார். “மச்சான் அன்னைக்கே சொன்னாரு. பேய பேயின்னுதான் சொல்லணும்னு” என்றார். ஒதுக்கி வைத்த பிறகு அண்ணனைப் பற்றி இவர் வாயில் வந்த முதல் வார்த்தை அது. லீவில் வரட்டும், வாசலில் போய் நின்று கூப்பிடுகிறேன் என்றார். லீவு வரவில்லை. ஜப்பான்காரன் வந்தான். சிங்கப்பூர் விழுந்தது. அதற்கப்புறம் அண்ணனைப் பற்றி ஒரு சேதியும் கிடையாது.

என் பேரன் கல்லூரியில் சரித்திரம் படிக்கிறான். அந்த ஒப்பந்தம் சரியா தப்பா என்று தடித்தடியாகப் புத்தகம் எழுதி இன்னும் அடித்துக்கொள்கிறார்களாம். நேரம் வாங்கினார்கள் என்று ஒரு கட்சி, துரோகம் என்று ஒரு கட்சி. “நீ என்னம்மாச்சி சொல்ற?” என்று கேட்டான். போலந்தில் செத்தவர்களின் தங்கச்சிகளைப் போய்க் கேள் என்றேன். அவன் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டான்.

சண்டை முடிந்த மறு வருஷம், அண்ணனோடு ஜப்பான்காரன் கைதி முகாமில் இருந்த திருமங்கலத்துக்காரர் ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். தூரத்தில் காக்கியைப் பார்த்ததும் என் கணவர் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். கிட்டப் போன பிறகுதான் வேறு ஆள் என்று தெரிந்தது. வந்தவர் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, வயிற்றுக்கடுப்பில் அண்ணன் இறந்துபோனதைச் சொன்னார். நான் அழுது ஓயும்வரை காத்திருந்துவிட்டு என் கணவரைப் பார்த்துப் பேசினார்.

“உங்களப் பத்தித்தான் எப்பவும் பேசுவாரு. முகாம்ல ஒளிச்சு வச்சிருந்த ரேடியோவுல, ரஷ்யாக்காரன் ஜெர்மன்காரனத் திருப்பி அடிக்கிறான்னு சேதி வரும். அன்னைக்கெல்லாம் எங்க எல்லாத்துக்கிட்டயும் சொல்லுவாரு. எம் மாப்ள சொன்னதுதான் சரி, நேரம் கிடைச்சதாலதான் அவன் எந்திரிச்சு நிக்கிறான், நான்தான் புரிஞ்சுக்கலன்னு. ஊருக்குப் போனதும் மொதல்ல அவன்கிட்டப் போயிச் சொல்லணும்னாரு.”

என் கணவர் அவரையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

“இல்ல மச்சான்” என்றார், எதிரில் உட்கார்ந்திருப்பது அண்ணன் என்பதுபோல. “அது தப்பு. நீங்க அன்னைக்குச் சொன்னதுதான் சரி. பக்கத்து வீட்டப் பங்கு போட்டதுக்கு என்ன நியாயம் சொல்ல முடியும்? அத எப்படி நீங்க விட்டுக் கொடுக்கலாம்? பஞ்ச நானும்தான எடுத்தேன்? ஏன் மச்சான் அத நீங்க சொல்லல?”

குரல் ஏறிக்கொண்டே போயிற்று. அந்தக் காலத்தில் டீக்கடையில் மேசையைத் தட்டுவதுபோலத் தரையைத் தட்டினார். வந்தவர் பயந்துபோய்ச் சோற்றில் இருந்து கையை எடுத்துவிட்டு, பிடித்து உட்கார வைக்கட்டுமா என்று கண்ணாலேயே என்னைக் கேட்டார்.

“விடுங்கண்ணே, பேசட்டும்” என்றேன். “இம்புட்டு வருசமாப் பேசாம இருந்தவரு.”